64 பேர் வாழும் இடத்துக்கு ஏன் தனிக் கவுண்டி நிர்வாகம்?

கவுண்டி என்பது அமெரிக்காவில் ஒரு மாநிலத்துக்குக் கீழுள்ள நிர்வாகப் பிரிவு. டெக்சாஸில் 254 கவுண்டிகள் உள்ளன. அவற்றுள் நியூ மெக்சிகோ எல்லையை ஒட்டிய வறண்ட நிலமான லவிங் கவுண்டியில், 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வசிப்பவர்கள் 64 பேர் மட்டுமே. பரப்போ ஏறத்தாழ 1,750 சதுர கிலோமீட்டர். தலைமையிடமான மென்டோன்கூட நகராட்சி அந்தஸ்து இல்லாத சிற்றூர்தான்.

பயணிகள் குறைவு என்பதற்காகக் கடைசி ஊர்ப் பேருந்தை நிறுத்திவிட முடியாததுபோல, நிலப் பதிவு, வரி வசூல், தேர்தல், காவல், சாலைப் பராமரிப்பு ஆகியவற்றை ஆள் எண்ணிக்கையைப் பார்த்துக் கைவிட முடியாது. அதனால்தான் மாநில அரசமைப்பு எல்லாக் கவுண்டிகளுக்கும், கவுண்டி நீதிபதியும் நான்கு ஆணையர்களும் அடங்கிய ஒரே வகை ஆட்சிக்குழுவை வகுத்துள்ளது. கவுண்டியின் காவல் தலைவரான ஷெரீப்பையும் மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். சில வாக்குகளே வெற்றியை முடிவுசெய்யக்கூடிய இத்தகைய இடத்தில், யார் உண்மையான குடியிருப்பாளர் என்ற கேள்விக்கு மிகுந்த கனம் உண்டு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இந்தக் கவுண்டி ஒருமுறை கலைந்தும் போயிருக்கிறது. 1897-இல் நிர்வாகம் கலைக்கப்பட்டு, அண்டையிலுள்ள ரீவ்ஸ் கவுண்டியுடன் இணைக்கப்பட்டது. பின்னர் எண்ணெய் கிடைத்து ஆட்கள் வந்த பிறகு, 1931-இல் மீண்டும் அமைக்கப்பட்டது. இன்றும் எண்ணெய், எரிவாயு சொத்துகள் மீதான வரியே அதன் முக்கிய வருவாய்.

குடியிருப்போர் 64 பேர் என்பதால் அங்கு ஆள் நடமாட்டமே இல்லை என்று பலர் எண்ணுவது தவறு: வேலைக்கு வந்துபோகும் எண்ணெய் வயல் தொழிலாளர்களை, கணக்கெடுப்பு அவர்களது வழக்கமான வசிப்பிடத்திலேயே சேர்க்கிறது.