வெந்நீர் மட்டும் ஏன் நூலாக வருகிறது?

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டின் பின்கட்டை ஒட்டி, அப்பத்தாவுக்காக ஓர் அறையும் குளியலறையும் கட்டுகிறோம். இப்போதுள்ள குளியலறையில் பச்சைத் தண்ணீர் நன்றாக வருகிறது; வெந்நீர் மட்டும் நூல்போல வருகிறது. அதே கீசரிலிருந்து நாற்பது அடி குழாய் இழுத்துவிடலாம் என்கிறார் பிளம்பர். பிரஷர் பம்ப் போடுங்கள் என்கிறார் கடைக்காரர். எது சரி?

பதில்: இரண்டுக்குமே இப்போது பணம் கொடுக்காதீர்கள். ஒரே டேங்க்கிலிருந்து பச்சைத் தண்ணீர் நன்றாக வருகிறதென்றால் குறை டேங்க்கின் உயரத்தில் இல்லை, வெந்நீர் வரும் வழியில் இருக்கிறது. உங்கள் வீட்டில் போர் தண்ணீர்தானா? அதில் உப்பு அதிகமென்றால், சூடாகும்போது சுண்ணாம்பாகப் படியும். கீசரின் உள்ளே, நுழைவாயில் வால்வில், இரு தண்ணீரையும் கலக்கும் மிக்ஸர் குழாயின் சல்லடையில் என்று எங்கும் அடைக்கும். முதலில் கீசரைக் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். உள்ளே துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் கம்பி கரைந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும், பத்து லிட்டர் வாளி நிரம்ப எத்தனை வினாடி என்று பாருங்கள். அதைவிட நம்பகமான சோதனை வேண்டாம்.

நாற்பது அடி குழாய் எனக்குப் பிடிக்கவில்லை. முக்கால் அங்குலக் குழாயில் அந்த நீளத்துக்கு ஏறத்தாழ மூன்று லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒவ்வொரு முறையும் அது ஆறிப்போய், முதலில் அதைத்தான் வழியவிட வேண்டும். சுண்ணாம்புப் பூச்சுச் சுவரை வெட்டிக் குழாய் பதிக்கவும் நேரும். பழைய பூச்சை அப்படிச் சிதைக்க எனக்கு மனம் வராது. புதுக் குளியலறைக்குத் தனி கீசர் வாங்குங்கள். டேங்க்கிலிருந்தே தனியாக ஓர் ஒரு அங்குலக் குழாய் எடுத்து, குளியலறை வாசலில் முக்கால் அங்குலக் குழாய்களாகப் பிரியுங்கள். பழைய குழாயிலிருந்து கிளை எடுத்தால், அங்கே ஒருவர் குழாயைத் திறக்கும்போது இங்கே பச்சைத் தண்ணீர் குறைந்து வெந்நீர் சுடும். வயதானவர் குளிக்கும் இடத்தில் இது ஆபத்து. வெந்நீர்ப் பக்கத்துக்குச் சூடு தாங்கும் சிபிவிசி குழாய்தான், சாதாரண பிவிசி கூடாது.

கீசரில் மூன்று லிட்டர் இன்ஸ்டன்ட் வேண்டாம். மூன்று கிலோவாட் என்றாலும், நிமிடத்துக்கு மூன்று லிட்டரைச் சுற்றித்தான் இதமான சூட்டில் தொடர்ந்து தரும். பதினைந்து லிட்டர் சேமிப்பு கீசர் ஒருவருக்குப் போதும்.

அப்பத்தா உட்கார்ந்து வாளியில் மொண்டு குளிப்பவர் என்றால் பம்ப் பேச்சே தேவையில்லை. டேங்க்கின் அடிக்கும் குழாய் வாய்க்கும் உள்ள உயரம்தான் அழுத்தம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு ‘பார்’ (அழுத்தத்தின் அளவு). ஷவர் ஏழடியில் இருந்தால், இரண்டடியில் உள்ள குழாய்க்கு ஒன்றரை மீட்டர் கூடுதலாகக் கிடைக்கும். ஷவர் வேண்டுமென்றால், டேங்க்கை மொட்டை மாடியில் மேடை கட்டி உயர்த்துங்கள். அல்லது, கடையில் குறைந்த அழுத்தத்தில் ஓடும் ஷவரைக் கேட்டு, அட்டைப்பெட்டியில் குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். அகலமான மழை ஷவர் இந்த உயரத்துக்குச் சொட்டும்.

இதற்கப்புறமும் பம்ப் வேண்டும் என்று தோன்றினால், அதை டேங்க் வெளிவாயில், பச்சைத் தண்ணீருக்கும் கீசருக்கும் பொதுவாகப் போட வேண்டும். ஒன்றில் மட்டும் போட்டால் மிக்ஸரில் அது மற்றதை அழுத்திவிடும். பம்ப்பின் அழுத்தம் கீசர் தாங்கும் அளவுக்குள் இருக்க வேண்டும். சோலார் ஹீட்டர் யோசனை இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்: அழுத்தம் தாங்காத சாதாரண வகையை பம்ப்போடு இணைக்கவே கூடாது.

கீசருக்கு போர்டிலிருந்து தனி வயர், 16 ஆம்பியர் பிளக், எர்த், கசிவைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வேண்டும். பழைய வீட்டில் எர்த் உண்மையாகவே வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியன் அளந்து காட்டட்டும். வாரண்டி அட்டையில் கீசரின் உள் டேங்க்குக்கும் சூடாக்கும் எலிமெண்ட்டுக்கும் தனித்தனி ஆண்டு இருக்கும். உப்புத் தண்ணீரால் வரும் பழுதுக்குப் பொருந்தாது என்ற வரியும் இருக்கலாம், பணம் கட்டும் முன் படித்துக் கேளுங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்க வேண்டாம். தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் சொல்ல அந்த பில்தான் வேண்டும்.