வளைக்குள் கை வேண்டாம், வலை போதும்: கண்மாய் நண்டு கேள்வி-பதில்

ஐப்பசி மழையில் கண்மாய்கள் நிரம்பத் தொடங்கியதும் நண்டு பற்றிய கேள்விகள் வரிசைகட்டி வந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, இந்த முறை ஆறு கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கரையில் நின்றபடியே நண்டு பிடிக்க எந்த வலை ஏற்றது? வீச்சு வலை வாங்கலாமா? (காரைக்குடி)

வீச்சு வலை வேண்டாம். அது கெண்டைக்கும் சிலேபிக்கும் உரியது. நண்டு அதன் மெல்லிய நூலைக் கொடுக்கால் பற்றிச் சுற்றிக்கொள்ளும். பிரித்தெடுப்பதற்குள் வலையும் கிழியும், நண்டின் காலும் ஒடியும்.

நண்டுக்கு ஏற்றது வளைய வலை. அதை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பழைய சைக்கிள் ரிம் ஒன்றில் நைலான் வலையை ஒரு சாண் தொய்வு இருக்கும்படி கட்டுங்கள். இறுக்கிக் கட்டினால் தூக்கும்போதே நண்டு விளிம்பைத் தாண்டி ஓடிவிடும். ரிம்மில் சம இடைவெளியில் மூன்று கயிறுகளைக் கட்டி மேலே ஒரே முடிச்சாகச் சேருங்கள். நடுவில் கோழிக்குடலோ மீன் தலையோ வைக்கலாம். நாறிப்போனதைவிடப் புதிய இரைக்கே நண்டு அதிகம் வருவதைக் கண்டிருக்கிறேன். இரையைக் கம்பி வலைத் துண்டில் பொதிந்து கட்டினால் ஒரே நண்டு கவ்விக்கொண்டு போகாது.

பொழுது சாய்ந்தபின் இறக்குங்கள். நண்டு இரவில் மேய்வது. வலை தரையில் தட்டையாகப் படிய வேண்டும். 10 முதல் 15 நிமிடம் போதும். அதற்கு மேல் விட்டால் தின்றுவிட்டுப் போய்விடும். கரையிலிருந்து கயிற்றைப் பிடித்து இழுத்தால் வலை சாய்ந்து வந்து எல்லாம் வழிந்துவிடும். ஆகையால் கயிற்றை ஒரு நீண்ட மூங்கில் கழியின் நுனியில் கட்டுங்கள். முதலில் தொய்வை மெல்ல எடுத்து, பிறகு தயங்காமல் ஒரே மூச்சில் நேராக மேலே தூக்குங்கள். நீர் வடிந்ததும் ரிம்முக்குள் நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சரசரக்கும் ஓசை கேட்கும். அந்த ஓசைக்காகவே நான் இன்னும் போகிறேன்.

ஓர் எச்சரிக்கை. தண்ணீருக்குள் இறங்காதீர்கள். கோடையில் மண் அள்ளிய குழிகள் நீர் ஏறியபின் கண்ணுக்குத் தெரியாது. திறந்திருக்கும் மடையருகிலும், மிகைநீர் வழியும் கலுங்கின் பாசி பிடித்த கல்லின்மேலும் நிற்கவே கூடாது.

லூசியானாவில் இருக்கும் என் மகன், கரையில் நின்று வலை இறக்கி 'கிராஃபிஷ்' பிடிக்கும் காட்சியை அனுப்பினான். அது நம் கண்மாயில் கிடைக்குமா? (தேவகோட்டை)

கிடைக்காது. இந்தியாவுக்கு உரிய கிராஃபிஷ் இனம் எதுவும் இல்லை. சிங்கி இறாலைச் சுருக்கியது போன்ற உருவம் அதற்கு. லூசியானாவில் நெல் வயல்களில் நெல்லும் அதுவுமாக மாற்றி மாற்றி வளர்க்கிறார்கள். உங்கள் மகன் காட்டிய வலையும் மேலே நான் சொன்ன வலையும் ஏறக்குறைய ஒன்றுதான். அதை இங்கே நண்டுக்கு இறக்குங்கள்.

கண்ணாடித் தொட்டியில் அழகுக்காகக் கிராஃபிஷ் வளர்ப்பவர்களிடம் ஒரு மன்றாட்டு. சலித்துவிட்டது என்று ஊரணியிலோ கண்மாயிலோ விட்டுவிடாதீர்கள். லூசியானாவின் சிவப்புக் கிராஃபிஷ் இனத்தை 1970-களில் ஸ்பெயினில் கொண்டுவந்து விட்டார்கள். அது நெல் வயல் வரப்புகளையே துளைத்தது. மண் கரைகளை நம்பி வாழும் நம் சீமைக்கு அது வரவே கூடாது.

பிடித்த நண்டில் எதை விட்டுவிட வேண்டும்? (கானாடுகாத்தான்)

நண்டைப் புரட்டி வயிற்று மடலைப் பாருங்கள். ஒடுங்கி முக்கோணமாக இருந்தால் ஆண். அகன்று வயிற்றையே மூடியிருந்தால் பெண். அகன்ற மடலை விரல் நுனியால் சற்றே நெம்பிப் பாருங்கள். சில நேரம் உள்ளே முட்டை இருக்கும். சில நேரம் கடுகைவிடச் சற்றே பெரிய குஞ்சு நண்டுகள் எட்டுக் காலோடும் கொடுக்கோடும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். கடல் நண்டின் குஞ்சு நீரில் மிதந்து உருமாறி வளர்வது. நன்னீர் நண்டின் குஞ்சோ நண்டாகவே பொரிந்து, தாயின் வயிற்றோடு ஒட்டிக்கிடந்து, பிறகு இறங்குவது. அந்தத் தாயைக் குழம்பில் போட்டால் ஒரு கரையின் அடுத்த ஆண்டு நண்டைப் போட்டுவிட்டீர்கள். மடலை மூடி, பிடித்த இடத்திலேயே நீர் விளிம்பில் இறக்கிவிடுங்கள். குட்டி நண்டுகளையும் விட்டுவிடுங்கள்.

யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? (பள்ளத்தூர்)

கட்டாயம். பல கண்மாய்களில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, ஏலம் போயிருக்கும். ஏலம் எடுத்தவரிடம் கேட்காமல் வலை இறக்குவது அவர் வயிற்றில் அடிப்பது. ஏலம் இல்லாத இடத்தில் ஊராரிடம் கேளுங்கள். கோடையில் ஊர் கூடி மீன் பிடிக்கும் நாளுக்காகக் காத்திருக்கும் கண்மாயில் முன்கூட்டியே கை வைக்காதீர்கள். குடிநீர் ஊரணியில் இரையும் வேண்டாம், வலையும் வேண்டாம். திருப்பத்தூருக்கு அருகே உள்ள வேட்டங்குடிக் கண்மாய் 1977 முதல் பறவைகள் சரணாலயம். பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கும் ஊர் மக்களின் நீர்நிலை அது.

வாளித் தண்ணீரில் போட்ட நண்டு வீடு வருவதற்குள் செத்துவிடுகிறது. ஏன்? (புதுவயல்)

தேங்கிய தண்ணீரில் உயிர்வளி விரைவில் தீர்ந்து மூச்சு முட்டிவிடுகிறது. ஈரச் சாக்கில் போட்டு நிழலில் வையுங்கள். செவுள் நனைந்திருந்தால் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். செத்ததைச் சமைக்காதீர்கள். அரைவேக்காடும் ஆகாது: நன்னீர் நண்டில் நுரையீரலைத் தாக்கும் புழுவின் இளநிலை இருக்கக்கூடும். ஓட்டைப் பிரித்துச் செவுளை நீக்கி, மிளகும் சீரகமும் தட்டிப்போட்ட ரசமானாலும் முதலில் நன்றாகக் கொதிக்கட்டும். நண்டைக் கையாண்ட கையையும் அரிவாள்மனையையும் கழுவுங்கள். பூச்சிமருந்து அடித்த வயலின் நண்டை எந்தக் காரணத்துக்காகவும் எடுக்காதீர்கள்.

வளையைத் தோண்டினால் இன்னும் எளிதாகக் கிடைக்குமே? என் அப்பத்தா கையை விட்டே எடுப்பார்கள். (கோட்டையூர்)

அப்பத்தாவுக்கு வளை வாயில் படிந்த ஈரமண்ணைப் பார்த்தே உள்ளே இருப்பது நண்டா, வேறொன்றா என்று தெரிந்திருக்கும். உங்களுக்கும் எனக்கும் அது தெரியாது. ஆளில்லாத நண்டு வளையில் பாம்பு குடியேறுவது நாட்டுப்புறத்தில் எல்லோரும் அறிந்ததே. கரையில் தோண்டினாலோ கேடு ஊருக்கு: தோண்டிய குழியில் மழைநீர் இறங்கி, அடைமழையில் கரை அந்த இடத்தில்தான் கசியும். நண்டு கொழுத்தால் வளையில் இராது என்பார்கள். இரையை வைத்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள், தானாக வெளியே வரும்.