சுக்கு இருக்கட்டும், அந்த ஆறு வருஷம் என்ன?

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. மாதவிலக்கு வந்தால் இரண்டு நாள் சுருண்டு படுத்துவிடுகிறாள், பள்ளிக்கூடமும் போவதில்லை. வெளிக்குப் போகும்போதும் வலிக்கிறது என்கிறாள். சுக்குக் கஷாயம் கொடுத்தால் கொஞ்சம் தேவலை. சோற்றுக்கற்றாழை, அசோகப்பட்டை கொடுக்கலாமா? எனக்கும் கல்யாணத்துக்கு முன்னால் இப்படித்தான் இருந்தது. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து, பண்ணாரியில் குண்டம் இறங்கிப் பெற்ற ஒரே பெண் இவள்.
- ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: மூலிகைப் பேச்சை முதலில் முடித்துவிடுகிறேன். சுக்கு நல்லதுதான். கர்ப்பப்பையை இறுக்கிப் பிழிகிற புரோஸ்டாகிளான்டின் சுரப்பதை அது ஓரளவு மட்டுப்படுத்தும். வலி முற்றும்வரை காத்திருக்காமல், விலக்கான அன்றே தொடங்கி மூன்று நாள் கொடுங்கள். கற்றாழையின் மஞ்சள் பால் போக அலசாவிட்டால் பேதியாகும். வெளிக்குப் போகவே வலிக்கிற பிள்ளைக்கு அது வேண்டாம். அசோகப்பட்டை என்று நெட்டிலிங்கப் பட்டையைத் தலையில் கட்டுகிறார்கள். சித்த மருத்துவர் பார்த்துக் கொடுக்காமல் தொடாதீர்கள்.

சரி அம்மணி, அந்த ஆறு வருஷத்துக்கு வருவோம்.

“எனக்கும் இப்படித்தான்” என்று ஆறுதல் போல எழுதிவிட்டீர்கள். படித்ததும் எனக்குப் பகீரென்றது. அந்த ஆறு வருஷத்தில் எத்தனை வளைகாப்பில் ஓரமாக நின்றீர்களோ! குண்டம் இறங்கினீர்கள், ஆத்தா கொடுத்தாள். நானும் அவளைக் கும்பிடுகிறவள்தான். ஆனால் உங்கள் வலியையும் பிள்ளை தள்ளிப்போனதையும் யாராவது சேர்த்து வைத்துப் பார்த்தார்களா?

எண்டோமெட்ரியோசிஸ் என்று ஒன்று இருக்கிறது. கர்ப்பப்பையின் உட்சுவர் மாதிரியான திசு வெளியே, சினைப்பையிலும் குடல் பக்கத்திலும் வளரும். பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு உண்டு. ஆளைச் சாய்க்கிற மாதவலி, வெளிக்குப் போகையில் வலி, கரு நிற்கத் தாமதம், எல்லாம் அதில் வரும். தாய்க்கு இருந்தால் மகளுக்கு வரும் வாய்ப்பும் கூடுதல். உங்களுக்கு அதுதான் இருந்தது என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. மகளுக்கு இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால், அது உங்கள் தப்பு.

கட்டுத்தறியில் மாடு ஒருவேளை தண்ணி குடிக்காவிட்டால் டாக்டருக்குப் போன் போடுகிற ஊர் நம்முடையது. பெற்ற பிள்ளை மாதாமாதம் இரண்டு நாள் படுத்துக் கிடக்கிறாள், நீங்கள் பட்டை தேடுகிறீர்கள்! அவள் அப்பாவைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. அவரிடமும் சொல்லுங்கள். மகள் படுகிற பாடு அப்பனுக்குத் தெரியாமல் ஒரு வீடா?

இந்த மாதமே மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வலித்த நாட்களைக் காலண்டரில் குறித்து எடுத்துப் போங்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றாலும் விடாதீர்கள், இது ஸ்கேனில் தெரியாமலும் போகும். மகளை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார வேண்டாம். அந்த ஆறு வருஷத்தை டாக்டரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.