முதலில் எந்த லென்ஸ் வாங்குவது?

கேள்வி: என்னிடம் நிக்கான் டி3500 கேமராவும் அதோடு வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸும் இருக்கின்றன. இப்போதைக்கு இன்னொரு லென்ஸ்தான் வாங்க முடியும். அடுத்த மாதம் அக்கா மகளுக்குக் காதுகுத்து. பெரிய கோயிலை எடுக்கவும், வேடந்தாங்கல் போகவும் ஆசை. எதை வாங்கட்டும் சார்?
- கல்லூரி மாணவர், தஞ்சாவூர்

பதில்: 50 மி.மீ., எஃப் 1.8 வாங்குங்கள் தம்பி. காதுகுத்துக்கு அதுதான் சரி.

குலதெய்வக் கோயிலோ மண்டபமோ, உள்ளே வெளிச்சம் குறைவாகத்தான் இருக்கும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். உங்கள் லென்ஸை 55-இல் வைத்தால் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. 1.8-இல் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் வரும். ஆனால் முழுதாகத் திறந்து கிட்டத்தில் எடுத்தால் கண் தெளிவாகவும் காது மங்கலாகவும் விழும். காதுகுத்துப் படத்தில் காது தெரியாமல் எப்படி? எஃப் 2.8-இல் வையுங்கள். அப்போதும் பழைய லென்ஸைப்போல நான்கு மடங்கு வெளிச்சம். ஷட்டர் வேகம் 1/30 நொடி கிடைத்த இடத்தில் 1/125 நொடி கிடைக்கும், அசைவு அவ்வளவாகக் கலங்காது. ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை திமிறும். அதற்கு இதுவும் பத்தாது, ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றி 1/250-க்குக் கொண்டுபோங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பிள்ளை இன்னும் மிரளும்.

அப்புறம், தாய்மாமன் நீங்கள்தானே? குழந்தை உங்கள் மடியில்தான் உட்காரும். நண்பர் ஒருவரிடம் கேமராவைக் கொடுத்து முன்கூட்டியே பழக்கிவிடுங்கள். உங்கள் கேமராவில் படத்தைப் பதியும் சென்சார் சின்னது. அதில் 50 மி.மீ. லென்ஸ் 75 மி.மீ. மாதிரி இன்னும் கிட்டத்தில் இழுத்துத்தான் காட்டும். அவர் நாலைந்து அடி தள்ளி நிற்கட்டும். அந்தத் தூரத்தில் முகம் இயல்பாக விழும். 18-ஐப் போட்டுக் கிட்டே போனால் மூக்கு பெரிதாகிவிடும்.

பெரிய கோயிலுக்கு எதுவும் வாங்க வேண்டாம். விமானத்தின் அடியில் நின்று கேமராவை அண்ணாந்து பிடிப்பதால்தான் 216 அடி விமானம் பின்னால் சாய்கிற மாதிரி விழுகிறது. உள்கோபுரமான ராஜராஜன் திருவாயில் பக்கம் வந்து, கேமராவைச் செங்குத்தாகத் திருப்பி, மேலேயும் கீழேயும் சாய்க்காமல் நேராகப் பிடியுங்கள். 18-இலேயே கலசம்வரை அடங்கும்.

வேடந்தாங்கலில் பறவைகள் ஏரிக்குள் இருக்கும் மரங்களில் கூடு கட்டுகின்றன. நாம் நிற்பது கரையில். கூழைக்கடா சிறகை விரிப்பது படம் நிறையத் தெரிய வேண்டுமென்றால் குறைந்தது 300 மி.மீ. வேண்டும். பறக்கும்போது ஷட்டர் வேகம் 1/1000-க்குக் குறையக் கூடாது. அந்த லென்ஸுக்கு அடுத்த சீசன்வரை பணம் சேருங்கள். அதுவரை போகாமல் இருக்க வேண்டாம், பைனாகுலரோடு போய் வாருங்கள்.

கேள்வி: பழைய லென்ஸ் வாங்கலாமா?
- இல்லத்தரசி, நாகப்பட்டினம்

பதில்: தாராளமாக. இரண்டு பக்க மூடியையும் கழற்றி, செல்போன் டார்ச்சைப் பின்பக்கம் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். ஒன்றிரண்டு தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலைபோல மெல்லிய இழை ஓடினால் அது பூஞ்சை, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். உங்களுடையது கடலோர ஊர். தோல் பையில் வைக்காமல், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நிக்கான் டி3500, டி5600 வைத்திருப்பவர்கள் ‘ஏஎஃப்-டி’ என்று எழுதிய பழைய லென்ஸ்களைத் தவிர்க்கவும். அந்தக் கேமராக்களுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது, கையால்தான் திருக வேண்டும். ‘ஏஎஃப்-எஸ்’ என்று இருந்தால் தானாகவே ஃபோகஸ் ஆகும்.