ராணி மரியா ஏன் கொல்லப்பட்டார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அருட்சகோதரி ராணி மரியாவைக் கொன்றவருக்கு அவருடைய தங்கையே சிறையில் ராக்கி கட்டினார் என்று படித்து நெகிழ்ந்தேன். ஆனால் ஏழைகளுக்குச் சேவை செய்த ஒரு கன்னியாஸ்திரீயை எதற்காகக் கொன்றார்கள் என்பதை எவரும் தெளிவாக எழுதுவதில்லையே?

எஸ்.

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

மன்னிப்பின் கதை மனத்தை உருக்குவதால், கொலையின் காரணத்தைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். 1954-இல் கேரளத்தின் புல்லுவழியில் பிறந்து, பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையில் சேர்ந்து, பிஜ்னோரிலும் பிற வட இந்தியத் தளங்களிலும் பணியாற்றிய ராணி மரியா, 1992-இல் மத்தியப் பிரதேசத்தின் உதயநகருக்கு வந்தார். அங்கிருந்த பழங்குடி விவசாயக் கூலிகளில் பலர் வட்டிக்காரர்களின் பிடியில் சிக்கியிருந்தார்கள்.

கஞ்சி ஊற்றுவதோடும் மருந்து கொடுப்பதோடும் அவர் நின்றிருந்தால் ஊர்ப் பெரிய மனிதர்களே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்கள் என்பது என் எண்ணம். அவரோ எழுதப் படிக்கத் தெரியாத மக்களைக் குழுக்களாகத் திரட்டி, வங்கிக் கடனுக்கும் அரசுத் திட்டங்களுக்கும் விண்ணப்பிக்க வழிகாட்டி, உரிய கூலியைக் கேட்டுப் பெறவும் கற்றுக்கொடுத்தார். வங்கியில் கடன் கிடைக்கும் குடும்பம் வட்டிக்காரரின் வாசலில் நிற்க வேண்டியதில்லை. அவர் சொல்லும் விலைக்கு விளைச்சலை அளந்து கொடுக்க வேண்டியதுமில்லை. பகை அங்கேதான் மூண்டது. ராணி மரியா மதம் மாற்றுகிறார் என்ற பேச்சும் கூடவே பரப்பப்பட்டது. இப்படிப்பட்ட இடங்களில் அது கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் கிடக்கும் ஆயுதம்.

1995 பிப்ரவரி 25 அன்று உதயநகரிலிருந்து இந்தூர் நோக்கிச் சென்ற பேருந்தில், பயணிகள் பார்த்துக்கொண்டிருக்க அவர் கத்தியால் குத்தப்பட்டார். உடலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். நிலவுடைமையாளர்கள் தம்மைத் தூண்டிவிட்டதாகக் குற்றவாளியே பின்னாளில் கூறியிருக்கிறார்.

அதே சபைத் துறவியான தங்கை செல்மி பால், 2002-இல் சிறைக்குச் சென்று அந்தக் குற்றவாளிக்கு ராக்கி கட்டினார். ராணி மரியா குடும்பத்தினரின் சம்மதத்தோடு 2006-இல் குற்றவாளி விடுதலையானார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். அந்த மன்னிப்பு, கத்தியைப் பிடித்த கைக்கு அளிக்கப்பட்டது. அந்தக் கையில் கத்தியைக் கொடுத்த வட்டிக் கணக்கையும் சேர்த்து எழுதினால்தான் உங்கள் கேள்விக்கு விடை கிடைக்கும்.