120 மைக்ரான் கவர் வாங்கலாமா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் சின்ன மளிகைக் கடை நடத்துகிறேன், காய்கறியும் உண்டு. போன மாதம் கவருக்காக அபராதம் கட்டினேன். இப்போது ஏஜென்ட் ஒருவர் வந்து, “இது 120 மைக்ரான், கவர்மென்ட் அனுமதித்தது. பயமாக இருந்தால் மக்கும் பை இருக்கிறது, துணி மாதிரிப் பையும் இருக்கிறது” என்கிறார். எதை வாங்குவது? வீட்டில் சேர்ந்துகிடக்கும் ஒரு மூட்டை பழைய கவரை என்ன செய்வது? சந்தூரில் தம்பி மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறான். அவன் கறுப்புக் கவருக்கும் தடையா?

பதில்: ஏஜென்ட் சொன்ன 120 மைக்ரான் தடிமன் கணக்கு பொய்யில்லை அம்மா, ஆனால் அது மத்திய அரசின் கணக்கு. 2022 டிசம்பர் 31 முதல் அதைவிட மெல்லிய கேரி பை கூடாது என்று விதி வந்தது. தமிழ்நாட்டிலோ 2019 ஜனவரி 1 முதலே பிளாஸ்டிக் கேரி பைக்கு, அதாவது கைப்பைக்கு, மொத்தமாகத் தடை. இங்கே தடிமன் பேச்சே கிடையாது. உங்கள் கடை பாலக்கோட்டில் இருக்கிறது, டெல்லியில் இல்லை. அவரிடம் ஒன்று கேளுங்கள்: “பில்லில் ‘கேரி பை, 120 மைக்ரான்’ என்று எழுதி, ஜிஎஸ்டி எண் போட்டுத் தருவீர்களா?” பெரும்பாலும் ‘பேக்கிங் ஐட்டம்’ என்று ஒரு துண்டுச்சீட்டுதான் வரும். நாளைக்குச் சோதனைக்கு ஆள் வந்தால் கல்லாவில் நிற்பது நீங்கள்தான், அவர் போன் சுவிட்ச் ஆஃப்.

எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். சரக்கை இருப்பு வைத்து விற்பவருக்கு முதல் முறையே 25,000 ரூபாய் அபராதம், சிறு வியாபாரிக்கு 100 ரூபாய் என்றுதான் இங்கே அட்டவணை போட்டிருக்கிறார்கள். சோதனைக்குப் போகும் ஜீப் மட்டும் ஏனோ சந்தைக் கடைகளோடு திரும்பிவிடுகிறது. குடோன் கதவைத் தட்டியதை நான் அதிகம் பார்த்ததில்லை. எது கூடும் எது கூடாது என்று கடைக்காரருக்குத் தமிழில் ஒரு பக்க நோட்டீஸ் அடித்துக் கொடுக்கக்கூட ஆளில்லை.

சரி, மக்கும் பைக்கு வருவோம். உண்மையான கம்போஸ்டபிள் பைக்கு விலக்கு உண்டு. ஆனால் பச்சை மையில் இலைப் படம் போட்டு ‘பயோ’ என்று அச்சடித்ததெல்லாம் அது ஆகிவிடாது. பையிலேயே தயாரிப்பாளர் பெயர், ‘கம்போஸ்டபிள்’ என்ற சொல், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் எண் மூன்றும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள். அசல் பைகூட ஏறக்குறைய 58 டிகிரி சூடு இருக்கும் உரக்கூடத்தில் மக்குவதற்காகச் செய்தது, வீட்டுக் குப்பைக்குழியில் போட்டுவிட்டு அடுத்த மாதம் தோண்டிப் பார்த்தால் அப்படியே கிடக்கும்.

துணி மாதிரிப் பைதான் பெரிய ஏமாற்று. கையில் எடுத்து ஓரத்தில் நகத்தால் ஒரு நூலை இழுத்துப் பாருங்கள். துணியென்றால் இழை பிரியும். இதில் இழையே இருக்காது, வெளிச்சத்தில் பிடித்தால் ஊசியால் குத்தியதுபோலப் புள்ளி புள்ளியாகத் தெரியும். சூட்டில் அழுத்தி ஒட்டிய பாலிபுரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். “சுப்ரீம் கோர்ட்டே அனுமதித்துவிட்டது” என்பார். தமிழ்நாட்டில் இந்தப் பைக்கும் போட்ட தடையை 2023-இல் கோர்ட் மறுபடி பரிசீலிக்கச் சொன்னதே தவிர, விற்கலாம் என்று உத்தரவு போடவில்லை.

ஆக, அவர் காட்டும் மூன்றும் வேண்டாம். பருப்புக்குக் காகிதக் கவர் போதும். காய்க்கு, பத்து ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு மஞ்சப்பை கொடுங்கள், பை திரும்பி வந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். பக்கத்து மகளிர் குழுவிடமே தைத்து வாங்கலாம். ஆனால் துணிப்பையை வாங்கி அடுக்கி வைத்தால் ஒரு பயனும் இல்லை. பருத்திப் பை, பருவநிலைக் கணக்கில் மட்டும் சாதாரணக் கவரை ஈடுகட்டவே 52 முறை பயன்பட வேண்டும் என்று டென்மார்க் அரசின் 2018 ஆய்வு சொல்கிறது. வாரச் சந்தைக்கு ஒரே பையை ஒரு வருஷம் கொண்டுபோகும் கணக்கு.

தம்பியின் விஷயம் கொஞ்சம் சுற்றிவளைத்தது. தடைப் பட்டியலில் இருப்பது கைப்பை. மண்ணும் கன்றும் இருக்கும் நாற்றுக் கவர் கைப்பை அல்ல. அதற்கு மேல், அரசுத் துறை ஆர்டரின் பேரில் வளர்க்கும் நர்சரிக் கவருக்குத் தனியாக விலக்கும் எழுதியிருக்கிறார்கள். தோட்டக்கலைத் துறைக்குக் கன்று கொடுத்தால் அந்த ஆர்டர் நகலை நர்சரியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆனால் வாங்க வருபவர் தூக்கிப் போக மூன்று கன்றை ஒரு பெரிய கவரில் போட்டுக் கொடுத்தால், அந்தக் கவர் கைப்பைதான். அதற்கு விலக்கு இல்லை, சாக்கில் கட்டிக் கொடுக்கட்டும். ‘நர்சரி கவர்’ என்ற பெயரில் கடைக் கவரைத் தள்ளிவிடும் ஆட்களும் உண்டு. அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இல்லாதது நர்சரி கவர் இல்லை என்று சொல்லி வையுங்கள்.

கடைசியாக அந்த மூட்டை. அடுப்பு பற்றவைக்க மட்டும் எடுக்காதீர்கள். பழைய இரும்புக் கடையில் வாங்க மாட்டார்கள், நூற்றுக்கணக்கில் சேர்ந்தால்தான் ஒரு கிலோ வரும். தார்ச்சாலைக்கு உதவும். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடித்த முறை அது. கவரைப் பொடியாக நறுக்கிச் சூடான ஜல்லியில் தூவினால் உருகி மேலே படலமாக ஒட்டிக்கொள்ளும், அப்புறம் தார். ஒற்றைத் தடச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் பிடிக்கும். உங்கள் ஊர்த் தூய்மைக் காவலரிடம் கொடுக்கும் முன் கவர்களை உதறி, எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கழுவி, நன்றாகக் காயவைத்துக் கட்டுங்கள். பழைய ஃபிளெக்ஸ் பேனரை அதில் திணிக்காதீர்கள். அது பி.வி.சி., சூடுபட்டால் நச்சுப்புகை வரும், அது ஒன்று கலந்ததற்காக மொத்த மூட்டையையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.