ஐந்து மணிப் பியானோ

வணக்கம்.

எனக்கு வயது 56. விருப்ப ஓய்வு பெற்றபின் டிஜிட்டல் பியானோ ஒன்று வாங்கி ஒன்றரை வருடமாகக் கற்றுவருகிறேன். காலை ஐந்து மணிக்கு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஜெர்மானிய இசைமேதை பாக்கின் சி மேஜர் பிரிலூட் என்ற சிறு இசைத்துண்டை மட்டும் வாசிப்பேன். வீட்டாருக்குக் கேட்பது கட்டைகளின் 'டொக் டொக்' மட்டும்தான். "பரீட்சையா, கச்சேரியா, எதற்கு இது?" என்கிறான் மகன். பூஜையறையில்கூட நான் இவ்வளவு நேரம் உட்கார்ந்ததில்லை. இதை ஆன்மிகம் என்று நினைப்பது என்னை நானே ஏமாற்றிக்கொள்வதா?

எஸ்., கோயம்புத்தூர்

அன்புள்ள எஸ்.,

மகனிடம் 'மன அமைதிக்காக' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். விளம்பரங்கள் தேய்த்துத் தேய்த்து அந்தச் சொல்லில் ஒன்றும் மிச்சமில்லை. போதாக்குறைக்கு, அது உண்மையும் அல்ல. 35 பார் (தாளக் கட்டங்கள்) கொண்ட அந்த பிரிலூடில் பாதி தாண்டியதும் அடுத்த ஸ்வரக்கூட்டு எதுவென்று விரல் திகைக்கிறதே, அப்போது என்ன அமைதி?

அந்த பிரிலூடில் தொடங்கும் 1722ஆம் வருடத் தொகுப்பின் முகப்பில், கற்க விரும்பும் இளைஞர்களின் பயனுக்கு, தேர்ந்தவர்களின் பொழுதுபோக்குக்கு என்றுதான் பாக் எழுதினார். அதே மனிதர் தம் கையெழுத்துப் பிரதிகள் பலவற்றின் முடிவில் 'மகிமை இறைவனுக்கே' என்பதன் லத்தீன் சுருக்கமாக மூன்றெழுத்து இடுவார். பயிற்சி, பொழுதுபோக்கு, வழிபாடு மூன்றுக்கும் அவர் தனித்தனிக் கணக்கு வைத்திருந்ததாகத் தெரியவில்லை. நீங்கள் மட்டும் ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும்?

எத்தியோப்பியாவின் பியானோ கலைஞர் எமஹோய் கெப்ருவைக் கேட்டிருக்கிறீர்களா? 1923இல் அடிஸ் அபாபாவில் பிறந்தவர். லண்டனில் இசை படிக்கக் கிடைத்த வாய்ப்பு, அரசு அனுமதி மறுத்ததால் கைநழுவியது. மனம் உடைந்து உண்ணாமல் கிடந்தவர் பின்பு கன்னியாஸ்திரி ஆகி, ஒரு மலை மடத்தில் சுமார் பத்து ஆண்டுகள் வெறுங்காலோடு வாழ்ந்தார். அதற்கப்புறம்தான் பியானோவுக்குத் திரும்பினார். 1967இல் ஜெர்மனியில் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டின் வருமானம் ஆதரவற்ற குழந்தைகளுக்குப் போனது. கடைசிக் காலம்வரை, 2023இல் 99 வயதில் இறக்கும்வரை, ஜெருசலேமின் எத்தியோப்பிய மடம்தான் அவர் வீடு. அந்த வாசிப்பில் தேவாலய வாடையும் மதுவிடுதி இசையின் தள்ளாட்டமும் சேர்ந்தே இருக்கும். பக்தி என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று எனக்குப் புரியவைத்தவர் அவர்தான்.

நம் காதுக்குப் பியானோவில் ஒரு குறை உண்டு. சி மேஜர் நம் சங்கராபரணம்தான். ஆனால் கமகத்துக்கு வழியில்லை. கட்டையை அழுத்தியதும் சுத்தியல் கம்பியைத் தட்டிவிட்டு விலகிவிடும். பிறகு அந்த ஸ்வரத்தை வளைக்கவோ அசைக்கவோ நம்மால் ஆகாது. அது தானாகத் தேய்ந்து அடங்கும். உங்கள் பிரிலூடின் கடைசி பாரில் கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்து பாருங்கள். ஒலி எந்த நொடியில் முடிந்தது என்று சொல்ல முடியாது. எனக்கு வாசிப்பதைவிட அந்தக் காத்திருப்புதான் பிடிக்கும். அதற்கு ஆன்மிகம் என்று பெயர் வைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி.

செல்லோ வாத்திய மேதை பாப்லோ காசல்ஸும் தினமும் காலையில் முதல் வேலையாகப் பியானோவில்தான் உட்காருவார். பாக்கின் இரண்டு பிரிலூடுகளும், அவற்றோடு வரும் ஃபியூக் என்ற பல குரல் இசைத்துண்டுகளும் வாசிப்பார். எண்பது ஆண்டுகளாக இதுவே வழக்கம். அது வீட்டின்மேல் பொழியும் ஆசி போன்றது என்று சொல்லியிருக்கிறார். கவனியுங்கள், வீட்டின்மேல். உங்கள் வீட்டுக்கோ ஒன்றரை வருடமாக 'டொக் டொக்' மட்டும்தான் கிடைத்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்து மணிக்கு வேண்டாம், எல்லோரும் காபி குடிக்கும் நேரத்தில் அந்த ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு வாசியுங்கள். மகன் என்ன சொன்னான் என்று எழுதுங்கள்.